டு-வுக்குப் பின்னால் என்ன வரும்? இன்ஃபினிட்டிவும் துணை வாக்கியமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஐ வான்ட் டு கோ" வரைக்கும் யாருக்கும் சிக்கல் இல்லை. அதோடு இன்னொரு வாக்கியத்தைச் சேர்க்க வேண்டி வரும்போதுதான் பேச்சும் எழுத்தும் நின்றுவிடுகின்றன. தட் போடுவதா, வெதர் போடுவதா, டு இன்னொரு தடவை வேண்டுமா, வில் வரலாமா என்று திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்டுவருகிறேன். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால். ஆங்கில வாக்கியங்கள் உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் இருக்கின்றன. குறிலாக வரும் 'டு' பெரும்பாலும் இன்ஃபினிட்டிவுக்கு உரியது. நெடிலாக வரும் 'டூ' செய்வதைக் குறிக்கும் வினை.

1. இன்ஃபினிட்டிவ் என்றால் என்ன? டு வந்தாலே அது இன்ஃபினிட்டிவ்தானா?

காலமும் ஆளும் காட்டாத வினை வடிவம் இன்ஃபினிட்டிவ். 'டு கோ', 'டு ஈட்', 'டு நோ' என்று வரும். யார் செய்தார், எப்போது செய்தார் என்பதை அது சொல்லாது. தமிழில் 'போக', 'சாப்பிட' என்று வரும் செய வாய்பாட்டு வினையெச்சம் பெரும்பாலும் இதே வேலையைச் செய்கிறது. சில இடங்களில் 'போவது', 'சாப்பிடுவது' பொருந்தும்.

டு வந்த இடமெல்லாம் இன்ஃபினிட்டிவ் இல்லை. "ஐ வென்ட் டு தி லைப்ரரி" என்பதில் டு நம் '-க்கு' போன்றது. "ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ" என்பதிலும் அப்படித்தான், அதனால்தான் அங்கே 'மீட்' வராமல் 'மீட்டிங்' வருகிறது. மறுபக்கம், டு இல்லாத இன்ஃபினிட்டிவும் உண்டு: "லெட் ஹிம் கோ", "ஷி மேட் மீ வெயிட்", "யூ மஸ்ட் ரீட்". ஹெல்ப் இரண்டையும் ஏற்கும்: "ஹெல்ப் மீ அண்டர்ஸ்டாண்ட்" என்றும் சொல்லலாம், "ஹெல்ப் மீ டு அண்டர்ஸ்டாண்ட்" என்றும் சொல்லலாம்.

2. வினையே முடியாமல் நிற்கிறதே, அதற்குப் பின்னால் ஒரு முழு வாக்கியம் எப்படி வரும்?

தாராளமாக வரும். இந்தப் பக்கம் முழுவதற்கும் அடிப்படையான செய்தி இதுதான்: இன்ஃபினிட்டிவ் காலத்தை இழந்திருக்கிறது, வினைத்தன்மையை இழக்கவில்லை. அந்த வினை சாதாரணமாகத் தனக்குப் பின்னால் எதையெல்லாம் ஏற்குமோ, டு போட்ட பிறகும் அதையெல்லாம் ஏற்கும். "ஐ பிலீவ் தட் ஹி இஸ் ஆனஸ்ட்" சரியென்றால் "ஐ வான்ட் டு பிலீவ் தட் ஹி இஸ் ஆனஸ்ட்" என்பதும் சரி. தட் தொடங்கி வரும் துணை வாக்கியம் பிலீவ்-க்குச் சொந்தம். வான்ட்-க்கும் அதற்கும் நேரடி உறவு இல்லை.

நமக்கு இது கடினமாகத் தெரிவதற்குக் காரணம் வரிசை. 'அவர் நேர்மையானவர் / என்று / நம்ப / விரும்புகிறேன்' என்பது தமிழ். துணை வாக்கியம் முதலில், இணைப்புச் சொல் அடுத்து, எச்சம் அதற்கடுத்து, முற்று கடைசியில். ஆங்கிலம் இதை அப்படியே தலைகீழாக அடுக்குகிறது: விரும்புகிறேன் / நம்ப / என்று / அவர் நேர்மையானவர். தமிழில் யோசித்துவிட்டு ஆங்கிலத்தில் சொல்லப் பார்க்கிறவர்கள் தங்கள் வாக்கியத்தின் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் போனால், எழுவாயைத் தவிர மற்றதெல்லாம் ஏறத்தாழச் சரியான இடத்தில் விழும். கொஞ்ச நாள் எழுதிப் பழகினால் இது கைக்கு வந்துவிடும்.

3. அப்படியானால் எந்த இன்ஃபினிட்டிவுக்குப் பின்னாலும் தட் போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. டு-வைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், வினையைப் பார்த்து எடுங்கள். சே, திங்க், நோ, பிலீவ், ஹோப், ரியலைஸ், ப்ரூவ், ஷோ போன்றவை தட்-ஐ நேரடியாக ஏற்கும். வான்ட் ஏற்காது. 'நீங்கள் வர வேண்டும் என்று விரும்புகிறேன்' என்பதை "ஐ வான்ட் தட் யூ கம்" என்று சொல்லக் கூடாது. "ஐ வான்ட் யூ டு கம்" என்பதே வழக்கு. டிஸ்கஸ்-க்குப் பின்னாலும் தட் வராது. ஆனால் "டு டிஸ்கஸ் ஹௌ வி ஷுட் ஸ்டார்ட்" என்று கேள்விச்சொல் வரலாம்.

அடுத்தது, கேட்பவரைச் சொல்ல வேண்டுமா என்ற விஷயம். டெல், இன்ஃபார்ம், கன்வின்ஸ் ஆகியவற்றுக்குப் பின்னால் முதலில் ஆள் வர வேண்டும், அப்புறம்தான் தட்: "டு டெல் ஹிம் தட் வி ஆர் ரெடி". சே-க்கு ஆள் தேவையில்லை, "டு சே தட் வி ஆர் ரெடி" போதும். எக்ஸ்பிளெய்ன்-தான் அதிகம் பேரை ஏமாற்றுவது. "டு எக்ஸ்பிளெய்ன் ஹிம் தட்" தவறு. "டு எக்ஸ்பிளெய்ன் டு ஹிம் தட்" சரி. சந்தேகம் வந்தால் டு-வை எடுத்துவிட்டு அதே வினையைக் காலத்தோடு ஒரு சிறு வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே நிற்காதது இங்கேயும் நிற்காது.

4. பேசும்போது தட்-ஐ விட்டுவிடுகிறார்களே, நானும் விடலாமா?

திங்க், சே, நோ, ஹோப் போன்ற அன்றாட வினைகளுக்குப் பின்னால் விடலாம். "ஐ யூஸ்ட் டு திங்க் ஹி வாஸ் ரைட்" என்பதில் எந்தக் குறையும் இல்லை. எக்ஸ்பிளெய்ன், பாயின்ட் அவுட், ஸ்டேட் போன்றவற்றுக்குப் பின்னால், முக்கியமாக எழுத்தில், விடாதீர்கள்.

விட்டால் வாசகர் தடுமாறும் இடங்களும் உண்டு. "ஷி கேம் டு அக்செப்ட் தி ஆஃபர் வாஸ் எ ட்ராப்" என்று படிக்கிறவர், அவள் அந்த வாய்ப்பை ஏற்றுக்கொள்ள வந்தாள் என்றே முதலில் நினைப்பார். 'வாஸ்' வந்த பிறகு திரும்பிப் போய்ப் படிக்க வேண்டியிருக்கும். அக்செப்ட்-க்குப் பின்னால் ஒரு தட் இருந்தால், அந்த வாய்ப்பு ஒரு சூழ்ச்சி என்பதை அவள் ஏற்றுக்கொள்ளும் நிலைக்கு வந்தாள் என்ற பொருள் உடனே தெரிந்துவிடும். காலச்சொல் ஊடே வரும்போதும் இப்படித்தான்: "டு சே டுடே தட்" என்றால் சொல்வது இன்று, "டு சே தட் டுடே" என்றால் சொல்லப்படும் விஷயம் இன்று நடப்பது. தட் போட்டாலும் போடாவிட்டாலும், இந்த வகை வாக்கியங்களில் அதற்கு முன்னால் கமா வேண்டாம்.

5. 'என்று' வந்தால் தட் என்றுதானே சொல்லிக்கொடுத்தார்கள்? "டு ஆஸ்க் தட் வெதர் ஹி வில் கம்" ஏன் தப்பு?

ஒரு துணை வாக்கியத்துக்கு ஒரு இணைப்புச் சொல்தான். தமிழில் 'வருவார் என்று', 'வருவாரா என்று', 'எப்போது வருவார் என்று' மூன்றிலும் 'என்று' வருகிறது. கேள்வியைக் காட்டும் வேலையை 'ஆ' என்ற விகுதியோ 'எப்போது' என்ற சொல்லோ தனியாகச் செய்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இந்த இரண்டு வேலையையும் ஒரே சொல் பார்த்துக்கொள்கிறது. வெதர் என்றாலே 'ஆ என்று'. வென் என்றாலே 'எப்போது என்று'.

ஆகவே வழி மூன்றாகப் பிரிகிறது. சொல்லப்படுவது செய்தி என்றால் தட்: "டு சே தட் ஹி வில் கம்". ஆம் அல்லது இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்வி என்றால் வெதர் அல்லது இஃப்: "டு ஆஸ்க் வெதர் ஹி வில் கம்". கேள்விச்சொல் இருந்தால் அதுவே போதும்: "டு ஆஸ்க் வென் ஹி வில் கம்". "தட் வெதர்", "தட் வேர்", "தட் வொய்" என்ற சேர்க்கைகளை உங்கள் எழுத்தில் பார்த்தால் தட்-ஐ அடித்துவிடுங்கள், பெரும்பாலும் வாக்கியம் சரியாகிவிடும்.

6. "ஐ வான்ட் டு நோ வேர் இஸ் ஹி" என்று எல்லோரும் பேசுகிறார்களே, சரிதானே?

"ஐ வான்ட் டு நோ வேர் ஹி இஸ்" என்பதே சரி. தனிக் கேள்வியில்தான் இஸ், ஆர், வில் போன்றவை எழுவாய்க்கு முன்னால் குதிக்கும். இன்ஃபினிட்டிவுக்குப் பின்னால் வந்துவிட்டால் அது பெரிய வாக்கியத்தின் ஒரு பகுதி, சாதாரண வரிசைக்குத் திரும்பிவிடும். டூ, டஸ், டிட் மறைந்தே போகும்: "வாட் டஸ் ஹி நீட்?" என்பது "ஐ வான்ட் டு நோ வாட் ஹி நீட்ஸ்" ஆகும். டஸ் சுமந்துகொண்டிருந்த 'ஸ்' வினைக்குப் போய்விட்டதைக் கவனியுங்கள். "ஹூ கேம்?" போலக் கேள்விச்சொல்லே எழுவாயாக இருந்தால் மாற்றமே இல்லை: "டு நோ ஹூ கேம்".

கேள்விக்குறி வருமா என்பதை முதன்மை வாக்கியம் முடிவு செய்யும். "ஐ வான்ட் டு நோ வேர் ஹி இஸ்" முற்றுப்புள்ளியில் முடியும். "டூ யூ வான்ட் டு நோ வேர் ஹி இஸ்?" கேள்விக்குறியில் முடியும்.

7. வெதர், இஃப் இரண்டும் ஒன்றுதானா?

நோ, ஆஸ்க், சீ, ஃபைண்ட் அவுட் போன்ற வினைகளுக்குப் பின்னால் எதையும் போடலாம். பேச்சில் இஃப் அதிகம். ஆனால் வெதர் மட்டுமே நிற்கும் இடங்கள் சில உண்டு. இன்ஃபினிட்டிவுக்கு முன்னால்: "டு டிசைட் வெதர் டு ஸ்டே". முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால்: "டு திங்க் அபௌட் வெதர் வி ஷுட் ஸ்டே". 'ஆர் நாட்' ஒட்டி வரும்போது: "வெதர் ஆர் நாட் ஹி அக்ரீஸ்". இங்கெல்லாம் இஃப் போட்டால் தவறு.

இன்னொரு காரணத்துக்காகவும் நான் எழுத்தில் வெதர்-ஐயே பரிந்துரைப்பேன். "ரிமெம்பர் டு டெல் மீ இஃப் யூ ஆர் லீவிங்" என்பதற்கு இரண்டு பொருள். நீங்கள் கிளம்புகிறீர்களா இல்லையா என்று சொல்லுங்கள் என்பது ஒன்று. கிளம்புவதாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள் என்பது மற்றொன்று. வெதர் போட்டால் முதல் பொருள் மட்டும்தான் வரும்.

8. "ஹௌ டு டூ", "வாட் டு சே" என்பதெல்லாம் முழு வாக்கியமா?

துணை வாக்கியத்தின் சுருக்கம். "ஐ வான்ட் டு நோ வாட் ஐ ஷுட் சே" என்பதன் குறுகிய வடிவம் "ஐ வான்ட் டு நோ வாட் டு சே". செய்யப்போகிறவர் யார் என்று கேட்காமலே தெரியும்போதுதான் இப்படிச் சுருக்கலாம். அவர் என்ன சொல்ல வேண்டும் என்பது உங்கள் கேள்வியாக இருந்தால் "வாட் ஹி ஷுட் சே" என்று விரித்துத்தான் சொல்ல வேண்டும். வாட், ஹௌ, வேர், வென், விச், ஹூ, வெதர் எல்லாம் இப்படி டு-வோடு சேரும். வொய் மட்டும் இந்த இடத்தில் பொதுவாகச் சேராது: "டு எக்ஸ்பிளெய்ன் வொய் வி ஷுட் கோ" என்று முழுதாக எழுதுங்கள்.

கட்டுரைத் தலைப்பாக "ஹௌ டு ஸ்விம்" இருக்கலாம். யாரிடமாவது கேட்கும் கேள்வியாக "ஹௌ டு ஸ்விம்?" நிற்காது, "ஹௌ டூ ஐ ஸ்விம்?" என்று கேட்க வேண்டும்.

9. அண்ட், ஆர் வந்தால் டு-வை ஒவ்வொரு தடவையும் எழுத வேண்டுமா?

அடுத்தடுத்து வரும் சிறு வினைகளுக்கு ஒரு டு போதும்: "டு ரீட் அண்ட் ரைட்", "டு ஸ்டே ஆர் லீவ்". இரண்டும் தனித்தனி நோக்கங்கள் என்று அழுத்த விரும்பினால் டு-வைத் திரும்பப் போடலாம். 'நாட்... பட்' என்ற எதிர்நிலை வந்தால் திரும்பப் போடுவதே நல்லது: "ஐ கேம் நாட் டு ஆர்க்யூ பட் டு லிசன்".

நடுவில் துணை வாக்கியம் புகுந்துவிட்டால் டு-வை மறக்கவே கூடாது. "ஷி ஆஸ்க்ட் மீ டு டெல் தெம் தட் தே குட் லீவ் அண்ட் லாக் தி ரூம்." அறையைப் பூட்ட வேண்டியது யார்? நானா, அவர்களா? 'குட்' என்பதோடு சேர்த்துப் படித்தால் அவர்கள். "அண்ட் டு லாக் தி ரூம்" என்று ஒரு டு சேர்த்தால் பூட்டும் வேலை எனக்கு வந்துவிடும். இவ்வளவு சிறிய சொல் பொறுப்பையே இடம் மாற்றுகிறது என்பதால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

இரண்டு பக்கமும் ஒரே வடிவம் வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "ஷி லைக்ஸ் டு ரீட் அண்ட் ஸ்விம்மிங்" சரியில்லை. இரண்டும் இன்ஃபினிட்டிவாக இருக்கட்டும், அல்லது இரண்டும் 'இங்' வடிவமாக இருக்கட்டும்.

10. "ட்ரை டு கம்", "ட்ரை அண்ட் கம்": எது சரி?

இரண்டும் வழக்கில் உண்டு. 'ட்ரை அண்ட்' பேச்சு நடை. வினை மாறாத வடிவில் இருக்கும்போது மட்டுமே அது வரும். "ஹி ட்ரைட் அண்ட் கேம்" என்றால் 'வர முயன்றார்' என்ற பொருள் போய்விடும். எழுத்தில் 'ட்ரை டு' வைத்துக்கொள்ளுங்கள்.

11. "நத்திங் பட் வெயிட்" என்கிறார்கள், "நோ சாய்ஸ் பட் டு வெயிட்" என்றும் சொல்கிறார்கள். டு எப்போது வரும்?

பட்-க்கு முன்னால் பாருங்கள். அங்கே 'டூ' என்ற வினை இருந்தால் பின்னால் பெரும்பாலும் டு வராது: "வி குட் டூ நத்திங் பட் வெயிட்". சாய்ஸ், ஆப்ஷன் போன்ற பெயர்ச்சொல் இருந்தால் டு வரும்: "வி ஹேட் நோ சாய்ஸ் பட் டு வெயிட்". எக்செப்ட்-உம் பெரும்பாலும் இதே வழியில் போகும்.

ஒப்பிடும் தேன் விஷயத்தில், முன்னால் டு இருந்தால் பின்னால் போடலாம், விடவும் செய்யலாம்: "இட் இஸ் பெட்டர் டு ஆஸ்க் தேன் டு கெஸ்". முன்னால் டு இல்லாவிட்டால் பின்னாலும் இல்லை: "ஐ வுட் ரேதர் ஸ்டே தேன் கோ".

12. எந்த இணைப்புச் சொல்லுக்குப் பின்னால் நேரடியாக டு வரலாம்? "பிஃபோர் டு கோ" என்று எழுதினேன், அடித்துவிட்டார்கள்.

அடித்தது சரிதான். அண்ட், ஆர், பட், தேன், வெதர் ஆகியவற்றை மேலே பார்த்துவிட்டோம். இன்னும் இரண்டு: அஸ் இஃப், அஸ் தோ. "ஹி ஓப்பன்ட் ஹிஸ் மவுத் அஸ் இஃப் டு ஸ்பீக்" என்றால் பேசப்போகிறவர் போல வாயைத் திறந்தார். அழகான, சிக்கனமான அமைப்பு, தயங்காமல் பயன்படுத்துங்கள்.

பிஃபோர், ஆஃப்டர், அன்டில், பிகாஸ், ஆல்தோ ஆகியவை டு-வை ஏற்காது. பிஃபோர், ஆஃப்டர் இரண்டுக்கும் 'இங்' வடிவம் வரும்: "பிஃபோர் கோயிங்". அன்டில், பிகாஸ், ஆல்தோ வந்தால் எழுவாயோடு முழு வாக்கியமாக எழுதிவிடுவது பாதுகாப்பு. வென்-இல் மட்டும் கவனம் வேண்டும். "டு நோ வென் டு ஸ்டாப்" என்பதில் அது 'எப்போது' என்ற கேள்விச்சொல் (8-ஆம் பதில்). 'நிறுத்தும்போது' என்ற பொருளில் 'வென் டு ஸ்டாப்' வராது.

13. "ஐ வான்ட் டு வெயிட் அன்டில் ஹி வில் கம்." வரப்போவது நாளைதானே, வில் வேண்டாமா?

வேண்டாம். அன்டில், பிஃபோர், ஆஃப்டர், வென் ஆகியவை நேரத்தைக் காட்டும்போதும், இஃப், அன்லெஸ் நிபந்தனையைக் காட்டும்போதும், எதிர்காலச் செய்தியையும் ஆங்கிலம் பெரும்பாலும் நிகழ்கால வடிவில் சொல்லும்: "ஐ வான்ட் டு வெயிட் அன்டில் ஹி கம்ஸ்", "வி நீட் டு லீவ் பிஃபோர் இட் ரெயின்ஸ்". ஆனால் 5-ஆம் பதிலில் வந்த "டு ஆஸ்க் வென் ஹி வில் கம்" சரி, ஏனென்றால் அங்கே வென் கேள்வி. 'வரும்போது' என்று பொருள் வந்தால் வில் இல்லை, 'எப்போது வருவார் என்று' என்றால் வில் உண்டு. இஃப்-க்கும் இதே பாகுபாடுதான்.

அன்டில்-இல் இன்னொரு பொறி இருக்கிறது. 'அவர் வராதவரை' என்ற தமிழ் நினைப்பில் "டு வெயிட் அன்டில் ஹி டஸ் நாட் கம்" என்று எழுதுகிறார்கள். அன்டில் என்பது 'வரும்வரை' என்பதோடு பொருந்துவது. அங்கே நாட் சேர்த்தால் பொருள் குலைந்துவிடும்.

14. முதன்மை வினை இறந்தகாலம், நடுவில் இன்ஃபினிட்டிவ். துணை வாக்கியம் யாரைப் பார்த்துக் காலம் மாற்றும்?

முதன்மை வினையைப் பார்த்து. இன்ஃபினிட்டிவுக்குக் காலம் இல்லை என்று முதலிலேயே பார்த்தோம், இல்லாததை அதனால் கொடுக்க முடியாது. "ஐ வான்ட் டு நோ வெதர் ஹி இஸ் கமிங்" என்பது இறந்தகாலத்துக்குப் போனால் "ஐ வான்டட் டு நோ வெதர் ஹி வாஸ் கமிங்". 'டு நோ' அசையவில்லை. அதைத் தாண்டி 'வான்டட்' கொடுத்த காலம் துணை வாக்கியத்தில் போய் இறங்கியிருக்கிறது. வில் என்பது வுட் ஆகும், கேன் என்பது குட் ஆகும். என்றைக்கும் உண்மையாக இருப்பதை நிகழ்காலத்திலேயே விடலாம்: "ஹி ட்ரைட் டு ப்ரூவ் தட் தி எர்த் இஸ் ரவுண்ட்".

இன்ஃபினிட்டிவ் தனக்கென்று காட்டக்கூடிய ஒன்று உண்டு, அது முந்தைய நிலை. "ஹி சீம்ஸ் டு நோ தட் ஷி இஸ் இல்" என்றால் இப்போது தெரிந்திருப்பதாகத் தோன்றுகிறது. "ஹி சீம்ஸ் டு ஹேவ் நோன் தட் ஷி வாஸ் இல்" என்றால் முன்பே தெரிந்திருந்ததாக இப்போது தோன்றுகிறது. 'டு ஹேவ்' வரும்போது துணை வாக்கியமும் அந்தப் பழைய நேரத்தோடு சேர்ந்துகொள்ளும்.

15. நோக்கத்தைச் சொல்ல டு, இன் ஆர்டர் டு, சோ அஸ் டு, சோ தட் என்று நான்கு இருக்கின்றன. எதை எடுப்பது?

இரண்டு வேலையையும் செய்கிறவர் ஒருவரே என்றால் வெறும் டு போதும்: "ஹி கேம் டு ஹெல்ப்". இன் ஆர்டர் டு, சோ அஸ் டு இரண்டும் அதன் முறைசார்ந்த வடிவங்கள். ஆட்கள் வேறு என்றால் சோ தட் வேண்டும், பின்னால் முழு வாக்கியம்: "ஷி ஸ்போக் ஸ்லோலி சோ தட் ஐ குட் ஃபாலோ". பேசியவர் அவள், புரிந்துகொள்ள வேண்டியவன் நான். இதையே "ஃபார் மீ டு ஃபாலோ" என்றும் இன்ஃபினிட்டிவில் கொண்டுவரலாம்.

எதிர்மறை நோக்கத்துக்கு வெறும் 'நாட் டு' பெரும்பாலும் இயல்பாக இருக்காது. விழாமலிருக்க மெதுவாக நடந்தார் என்பதற்கு "சோ அஸ் நாட் டு ஃபால்" அல்லது "சோ தட் ஹி வுட் நாட் ஃபால்" என்று சொல்லுங்கள். "ஹி கேம் ஃபார் டு ஹெல்ப்" எந்த எழுத்து நடையிலும் வேண்டாம்.

16. "டு சஜஸ்ட் தட் ஹி கோ" என்று அச்சில் பார்த்தேன். 'கோஸ்' இல்லையா?

அச்சுப்பிழை இல்லை. சஜஸ்ட், ரெகமண்ட், இன்சிஸ்ட், டிமாண்ட் போன்றவை ஒரு காரியம் நடக்க வேண்டும் என்ற பொருளில் வரும்போது, பின்னால் வரும் வினை காலமும் 'ஸ்' விகுதியும் இல்லாமல் நிற்கும். "ஹி ஷுட் கோ" என்றும் சொல்லலாம். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அது சகஜம். முதன்மை வினை இறந்தகாலத்துக்குப் போனாலும் இந்த 'கோ' மாறாது. 14-ஆம் பதிலில் சொன்ன விதிக்கு இது ஒரு விலக்கு. இதே பொருளில் "ஐ சஜஸ்ட் ஹிம் டு கோ" என்பது தவறு.

இன்சிஸ்ட் ஒரு உண்மையை அடித்துச் சொல்வதாக இருந்தால் சாதாரண விதிதான்: "டு இன்சிஸ்ட் தட் ஹி இஸ் இன்னசன்ட்".

17. கடைசியில் வரும் வென், பிகாஸ் எந்த வினையோடு சேரும்? எனக்கு இரண்டு விதமாகவும் தெரிகிறது.

உங்களுக்குத் தெரிவது சரி. இந்தப் பக்கத்திலேயே கவனிக்க வேண்டிய இடம் இதுதான். முதன்மை வினை ஒன்று, இன்ஃபினிட்டிவ் ஒன்று என்று வாக்கியத்தில் இரண்டு வினைகள் இருக்கின்றன. கடைசியில் வரும் துணை வாக்கியம் இரண்டில் எதைப் பற்றிக்கொண்டாலும் இலக்கணம் தடுக்காது. "ஹி ப்ராமிஸ்ட் டு கால் வென் ஹி ரீச்ட் ஹோம்." வீடு சேர்ந்ததும் அழைப்பதாக வாக்குக் கொடுத்தாரா, வீடு சேர்ந்தபோது வாக்குக் கொடுத்தாரா? வாசகர்கள் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் வினையோடு, அதாவது 'டு கால்' என்பதோடு சேர்ப்பார்கள். நீங்கள் மற்றதைச் சொல்ல வந்தால் துணை வாக்கியத்தை முன்னால் கொண்டுபோங்கள்: "வென் ஹி ரீச்ட் ஹோம், ஹி ப்ராமிஸ்ட் டு கால்". தமிழில் 'வீடு சேர்ந்ததும் அழைப்பதாக', 'வீடு சேர்ந்ததும், அழைப்பதாக வாக்குக் கொடுத்தார்' என்று ஒரு கமாவும் சிறு நிறுத்தமும் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் இடமாற்றம் செய்கிறது.

நாட், பிகாஸ் இரண்டும் சேர்ந்தால் குழப்பம் கூடும். "ஷி டிட் நாட் டிசைட் டு லீவ் பிகாஸ் தி பே வாஸ் லோ." சம்பளம் குறைவாக இருந்ததால் விலகும் முடிவை எடுக்கவில்லை என்று ஒரு பொருள். விலகும் முடிவை எடுத்தாள், ஆனால் காரணம் சம்பளம் இல்லை என்று இன்னொரு பொருள். இரண்டும் நேர் எதிர். முதல் பொருளுக்கு பிகாஸ் பகுதியை முன்னால் வைத்துக் கமா போடலாம். இரண்டாவதற்கு "ஷி டிசைடட் டு லீவ், பட் நாட் பிகாஸ் தி பே வாஸ் லோ" என்று எழுதினால் யாரும் தவறாகப் படிக்க முடியாது. கடிதத்திலோ அறிக்கையிலோ 'நாட்... பிகாஸ்' வந்தால் ஒரு நிமிடம் நின்று இரண்டு விதமாகவும் படித்துப் பாருங்கள். உங்களுக்கு என்ன நினைப்பு இருந்தது என்பது வாசகருக்குத் தெரியாது.

18. வாக்கியத்தை டு வைத்து ஆரம்பித்தால் கமா போட வேண்டுமா?

நோக்கம் என்றால் போடுங்கள்: "டு ஃபைண்ட் அவுட் வொய் இட் ஃபெயில்ட், வி ஓப்பன்ட் தி மெஷின்". இன்ஃபினிட்டிவே எழுவாய் என்றால் போடக் கூடாது: "டு நோ தட் யூ ஆர் சேஃப் இஸ் இனஃப்". பேச்சில் இரண்டாவதைத் திருப்பி "இட் இஸ் இனஃப் டு நோ தட் யூ ஆர் சேஃப்" என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள்.

நோக்கத்தில் தொடங்கினால் கமாவுக்குப் பின்னால் வரும் எழுவாய்தான் அந்தக் காரியத்தைச் செய்கிறவராக இருக்க வேண்டும். "டு ஃபைண்ட் அவுட் வொய் இட் ஃபெயில்ட், தி மெஷின் வாஸ் ஓப்பன்ட்" என்றால் கண்டுபிடிக்கக் கிளம்பியது இயந்திரம் என்பதுபோல் ஆகிவிடுகிறது.

19. தட்-க்குள் இஃப், அதற்குள் இன்ஃபினிட்டிவ் என்று சங்கிலியாகப் போனால் தட் எத்தனை தடவை வரும்?

ஒரு செய்திக்கு ஒரு தட். "ஐ வான்ட் டு சே தட் இஃப் யூ நீட் டு லீவ் எர்லி, யூ கேன்" என்பது போதும். இஃப் பகுதி நீளமாகப் போனதும் தொடக்கத்தை மறந்து "தட் யூ கேன்" என்று இன்னொரு தட் போடுவது பேச்சில் நடக்கும், எழுத்தில் நீக்கிவிடுங்கள். "ஐ வான்ட் டு ஆஸ்க் ஹிம் டு ஃபைண்ட் அவுட் வெதர் ஷி ஹேஸ் டிசைடட் டு லீவ்" போன்ற நீண்ட சங்கிலிகளும் சரியானவையே. ஒவ்வொரு வினையும் தனக்கு அடுத்ததை மட்டும் ஆள்கிறது. ஆஸ்க் ஒரு ஆளையும் டு-வையும் கேட்டது, கிடைத்தது. ஃபைண்ட் அவுட் வெதர்-ஐக் கேட்டது, கிடைத்தது. டிசைட் டு-வைக் கேட்டது, கிடைத்தது. எங்கே சிக்கினாலும் இப்படிக் கண்ணி கண்ணியாகப் பாருங்கள்.

20. "யூ கேன் கம் இஃப் யூ வான்ட் டு": இதில் டு-வுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லையே?

கம் என்பது முன்பே சொல்லப்பட்டுவிட்டதால் டு மட்டும் அதற்குப் பதிலாக நிற்கிறது. ஹோப், பிளான், நீட், ஹேவ் போன்றவற்றோடு இந்த டு-வை விடக் கூடாது: "ஐ டிட் நாட் கால் பிகாஸ் ஐ டிட் நாட் நீட் டு". இஃப்-க்குப் பின்னால் வரும் வான்ட்-ஓடு டு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. "இஃப் யூ லைக்" என்பதில் மட்டும் டு வராது.